பாதயாத்திரைக்கு எத்தனை கிலோ தூக்கலாம்?

இலங்கையின் தெற்கே உள்ள கதிர்காம முருகன் கோவில் கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே எங்கள் பக்கம் இந்தக் கேள்வி சுற்றத் தொடங்கிவிடும்: முதல்முதலாக நடக்கப் போகிறேன், பையில் என்ன வைக்க, எவ்வளவு வைக்க? என்ன வைப்பது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எவ்வளவு என்று கேட்டால் மட்டும் "உன்னால ஏலுமான அளவு" என்று விட்டுவிடுகிறார்கள். ஏலுமான அளவு என்பது வீட்டு வாசலில் நிற்கும்போது ஒன்று, உகந்தையைத் தாண்டி மணலில் கால் புதையும்போது வேறொன்று. அதனால் இதைக் கொஞ்சம் கணக்கோடு சொல்லலாம் என்று நினைக்கிறேன். கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம், கூட்டலும் பெருக்கலும் தான்.

முதலில் பாதையைப் பற்றி, தெரியாதவர்களுக்காக. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து வேலோடு இறங்கி வருகிறவர்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், வாகரை என்று வந்து மட்டக்களப்பு மாமாங்கத்தில் தங்கி, பிறகு மண்டூர், காரைதீவு, திருக்கோவில், பொத்துவில், பாணமை வழியாக உகந்தைக்குப் போவார்கள். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இடையில் சேர்ந்து நடப்பவர்களும் உண்டு. உகந்தை வரைக்கும் சுமை ஒரு பெரிய பிரச்சினை இல்லை. வழி முழுக்கக் கோவில், வீடு, கடை. அன்னதானம் கொடுக்கக் காத்துக்கொண்டு நிற்பார்கள், வாங்காமல் போனால் மனம் நோவார்கள். உண்மையான சோதனை உகந்தை மலையடியில் காட்டுப்பாதை திறந்த பிறகு தான். கூமுனை, கும்புக்கன் ஆறு, வியாழை, கட்டகாமம் என்று குமண தேசியப் பூங்காவுக்குள்ளாலும் யால காட்டுக்குள்ளாலும் கதிர்காமம் வரை ஐந்தாறு நாள் நடை. அங்கே உங்களிடம் என்ன இருக்கிறதோ அதுதான் இருக்கும். இடையில் தண்ணீர் பவுசர் வரும், தானம் கொடுப்பவர்களும் வருவார்கள். ஆனால் அது எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று நம்பிப் போக முடியாது. ஆகவே நான் சொல்லப் போகும் கணக்கெல்லாம் அந்த ஐந்தாறு நாளுக்கானது.

நேரே எண்ணுக்கு வருகிறேன். பழக்கமில்லாத ஒருவர் தன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு தூக்கினால் சிரமம் தெரியாது. ஏழில் ஒரு பங்கு வரை போனால் தெரியும், ஆனால் தாங்கலாம். ஐந்தில் ஒரு பங்கு என்பது மலையேற்றம் பழகியவர்களுக்குச் சொல்லும் கணக்கு. இராணுவங்கள் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்கின்றன, ஆனால் அவர்கள் அதற்காகவே மாதக்கணக்கில் பயிற்சி எடுத்த இளம் உடம்புகள். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது 6 கிலோவிலிருந்து 8½ கிலோ வரை வரும். தண்ணீரும் அதற்குள்ளே தான், அதை மறந்துவிட வேண்டாம். இன்னொன்று, 90 கிலோ எடையுள்ளவர் "எனக்கு 13 கிலோ வரை சரி" என்று கணக்குப் போடக் கூடாது. உடம்பே ஒரு சுமை தான், முழங்காலுக்கு அது கொழுப்பா அரிசியா என்று தெரியாது. உங்கள் உயரத்துக்கு எந்த எடை சரியோ அதை வைத்துக் கணக்குப் பாருங்கள்.

இந்த எண்ணோடு கதை முடிந்திருந்தால் நான் எழுதவே தேவையில்லை. எடை எவ்வளவு என்பதைப் போலவே அது உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். முதுகில் இருக்கும் ஒரு கிலோவும், கையில் இருக்கும் ஒரு கிலோவும், காலில் இருக்கும் ஒரு கிலோவும் தராசுக்கு ஒன்று தான், நடக்கிறவருக்கு ஒன்று இல்லை. 1969ல் இதை முறையாக அளந்தார்கள். ஒருவர் தன் சொந்த உடம்பின் ஒரு கிலோவை நகர்த்த எவ்வளவு சக்தி செலவழிக்கிறாரோ, அதை ஒன்று என்று வைத்துக்கொண்டால் தலையில் சுமக்கும் கிலோவுக்கு ஏறத்தாழ 1.2 மடங்கு செலவாகிறது, கையில் தூக்கும் கிலோவுக்கு ஏறத்தாழ ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு வரை, பாதத்தில் கட்டிய கிலோவுக்கு நாலிலிருந்து ஆறு மடங்கு வரை. காரணம் எளிது. தலையும் முதுகும் நடக்கும்போது கிட்டத்தட்ட ஒரே சீராக முன்னால் போகின்றன. பாதம் ஒவ்வொரு அடியிலும் நின்று, தூக்கப்பட்டு, வீசப்பட்டு, மறுபடி நிற்கிறது. ஒரு நாளில் முப்பதாயிரம் தடவை அந்த எடையை நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிறீர்கள்.

அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது செருப்பு. நேர்த்தி வைத்து வெறுங்காலோடு நடப்பவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அது அவர்களுக்கும் முருகனுக்கும் உள்ள விசயம். மற்றவர்களில் நிறையப் பேர், "காடு தானே, முள் குத்தும்" என்று தடித்த சப்பாத்து வாங்கிப் போடுகிறார்கள். ஒரு சோடி கனமான சப்பாத்து ஒரு கிலோவுக்கு மேல் வரும். பின்வார் வைத்த றப்பர் செருப்பு அதில் பாதி கூட வராது. வித்தியாசம் 700 கிராம் என்று வையுங்கள். அதை ஐந்தால் பெருக்குங்கள், மூன்றரைக் கிலோ. அதாவது கனமான சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடப்பது, முதுகுப் பையில் கூடுதலாக மூன்று லீற்றருக்கு மேல் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடப்பதற்குச் சமம். ஆற்றுக்குள் இறங்கி ஏறினால் சப்பாத்து நனைந்து இன்னும் கனக்கும், உள்ளே மணல் புகுந்து குதிக்காலில் கொப்புளம் வரும். நெருஞ்சிக்கும் சூரை முள்ளுக்கும் அடிப்பாகம் தடித்த செருப்பே போதும். ஆனால் புதுச் செருப்பு வேண்டாம், குறைந்தது ஒரு மாதமாவது கால் பழகியதாக இருக்கட்டும்.

கையில் தூக்கும் எடைக்கு வருவோம். இங்கே துவக்கைப் பற்றிச் சொன்னால் விளங்கிக்கொள்ள லேசாக இருக்கும். வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளில், மலையிலும் காட்டிலும் நாட்கணக்கில் நடந்து வேட்டையாடுகிறவர்களிடையே தீராத வாதம் ஒன்று உண்டு: துவக்கு எத்தனை கிலோ இருக்க வேண்டும்? தூரப் பார்வைக் கண்ணாடியோடு சேர்த்து ஒரு வேட்டை றைபிள் சாதாரணமாக மூன்றரை, நாலு கிலோ வரும். இரண்டரைக் கிலோவுக்கும் செய்கிறார்கள், விலை கூட. சாப்பாடு நாளுக்கு நாள் குறையும், தண்ணீர் மணிக்கு மணி குறையும், துவக்கு மட்டும் கடைசி நாள் வரை அதே எடையில் தான் இருக்கும். அதோடு மிருகம் எந்த நேரமும் எதிர்ப்படலாம் என்பதால் அதை முதுகில் கட்டிவிட முடியாது, பெரும்பாலும் கையிலேயே இருக்கும். அதனால் அந்த நாலு கிலோ உடம்புக்கு ஆறு, ஏழு கிலோவாகத் தெரியும். சரி, அப்படியானால் எல்லாரும் இலேசான துவக்கையே எடுக்கலாமே என்றால், அதிலும் ஒரு சிக்கல். துவக்கு இலேசானால் உதை கூடும். அதே தோட்டாவுக்கு, துவக்கின் எடையில் கால்வாசியைக் குறைத்தால் தோளில் வந்து இடிக்கும் சக்தி மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். மூச்சு வாங்கும் நேரத்தில் இலேசான குழல் ஆடவும் செய்யும், குறி தப்பும், மிருகம் காயத்தோடு ஓடிப் போய் எங்கோ கிடந்து சாகும். ஆகவே அனுபவமுள்ள வேட்டைக்காரர் எடையைக் குறைக்கும்போது துவக்கில் ஓரளவோடு நிறுத்திவிட்டு, தோட்டாவைக் குறைப்பார். 12ஆம் நம்பர் தோட்டா ஒன்று 40, 50 கிராம் இருக்கும், இருபத்தைந்தை எடுத்தால் ஒரு கிலோவைத் தாண்டும், தேவைப்படுவது நாலோ ஐந்தோ. பிறகு நல்ல அகலமான தோள்வார் ஒன்றைப் போட்டுக் கையின் பாரத்தைத் தோளுக்கு மாற்றுவார்.

எங்கள் காட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரர் காலத்தில் யால பக்கம் வேட்டைக்காரர்களின் காடாக இருந்தது. 1938ல் தேசியப் பூங்காவானது. யாத்திரைக்குப் போகிறவர்கள் ஒரு முயலைக் கூடத் துரத்தக் கூடாது, அது சட்டத்துக்கும் விரதத்துக்கும் சேர்த்தே. ஆனால் துவக்குக்காரரின் அந்தக் கணக்கில் எங்களுக்கும் எடுத்துக்கொள்ள இரண்டு விசயம் உண்டு. கையில் எதையும் தூக்காதே என்பது ஒன்று. பயணம் முடியும் வரை எடை குறையாத பொருட்களை முதலில் குறை என்பது மற்றது.

கையில் தூக்காதே என்றால், உகந்தையில் போய் நின்று பாருங்கள், எத்தனை பேர் ஒரு கையில் ஐந்து லீற்றர் தண்ணீர்க் கானும் மறு கையில் சொப்பின் பையுமாக இறங்குகிறார்கள் என்று. முதல் நாள் மத்தியானத்துக்குள் விரல் மரத்துப் போகும், கை மாற்றி மாற்றி உடம்பு ஒரு பக்கம் சாயும், அன்றிரவு இடுப்புப் பிடித்துக்கொள்ளும். கானில் உள்ள தண்ணீரை ஒரு லீற்றர், ஒன்றரை லீற்றர் போத்தல்களாகப் பிரித்து முதுகுப் பைக்குள் முதுகோடு ஒட்டி வைத்தால் அதே தண்ணீர் பாதிக் கனமாகத் தெரியும். கையில் ஒரு தடி மட்டும் இருக்கட்டும். தடி எடை தான், ஆனால் அது மணலிலும் ஆற்றிலும் உங்கள் எடையை வாங்கிக்கொள்கிறது.

தலைச் சுமை பற்றித் தனியாகச் சொல்ல ஆசை. எங்கள் ஊர்ப் பெண்கள், முக்கியமாக வயதானவர்கள், சீலைத் துண்டைச் சும்மாடு கோலித் தலையில் வைத்து, அதன்மேல் மூட்டையை ஏற்றிக்கொண்டு கையை வீசி நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இளம் பெடியன்கள் பின்னால் மூச்சு வாங்க வருவார்கள். கென்யாவில் லுவோ, கிக்கூயூ இனப் பெண்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 1986ல் வெளியானது. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் வைத்தோ நெற்றியில் வார் மாட்டியோ சுமந்தும் அவர்களுக்குக் கூடுதல் சக்தி செலவாகவில்லை என்று அதில் கண்டார்கள். சின்ன வயது முதல் சுமந்து சுமந்து அவர்களின் நடையே சுமைக்கு ஏற்றபடி அமைந்துவிட்டது. பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் எல்லாருக்கும் அப்படி அமையவில்லை, சிலருக்குக் கழுத்து வலியும் வந்தது. அதனால் சின்ன வயதில் குடம் சுமந்து பழகிய அம்மா தலையில் வைக்கட்டும், அவர்களுக்கு அது முதுகுப் பையை விட நல்லது. ஒரு நாளும் தலையில் வைத்தறியாத நீங்களும் நானும் பையைத் தேடுவோம். ஒரு முறை பாணமைப் பக்கம் அப்படி ஒரு அம்மா, முதுகு முழுக்கப் பையும் முன்னால் இன்னொரு பையுமாக வந்த பெடியனைப் பார்த்து, "என்ன மனே, வீட்டையே பேத்துக்கிட்டு வாறாய்? முருகன்ட வீட்டுக்குத்தானே போறம், அங்க எல்லாம் இருக்கு" என்றார். அவன் அந்த இடத்திலேயே உட்கார்ந்து பையைத் திறந்தான். உள்ளே இரண்டு சோடி ஜீன்ஸ் இருந்தது.

ஜீன்ஸ் ஒன்று முக்கால் கிலோ வரும், நனைந்தால் இரண்டு மடங்கு. காய ஒரு பகல் முழுக்க வேண்டும். மெல்லிய சாரமோ பருத்தி வேட்டியோ போதும். உடுத்தது ஒன்று, மாற்று ஒன்று. கச்சான் என்ற வரண்ட தென்மேற்குக் காற்றடிக்கும் காலம் என்பதால் தோய்த்துப் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். தடித்த துவாய்க்குப் பதில் மெல்லிய துண்டு. கம்பளிப் போர்வைக்குப் பதில் படுக்கை விரிப்பு. இரவில் கடற்கரைப் பக்கம் கொஞ்சம் குளிரும், அதற்கு அது காணும். கீழே விரிக்க ஒரு சின்னப் படங்குத் துண்டு. கைபேசிக்கு மேலதிக மின்கலம் எடுப்பவர்கள் பெரிய 20,000 mAh கொள்ளளவுள்ளதை எடுக்கிறார்கள், அது 400 கிராம் வரை வரும். காட்டுக்குள் பல இடங்களில் சிக்னலே கிடையாது, கைபேசியை நிறுத்தி வைத்தால் பாதி அளவுள்ளதே போதும். சின்ன ரோச் லைற் ஒன்று கட்டாயம். இப்படி ஒவ்வொன்றிலும் நூறு, இருநூறு கிராம் என்று சேர்த்துத்தான் இரண்டு மூன்று கிலோ குறையும், ஒரே பொருளில் குறையாது.

குறைத்த எடையை என்ன செய்வது? தண்ணீருக்குக் கொடுங்கள். சுமையைக் குறைப்பதன் நோக்கமே அதுதான். ஆனி, ஆடி மாதத்து வெயிலில் பகல் நடைக்கு ஒருவருக்கு மணிக்கு அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை வியர்வையாகப் போகும். எங்கள் கச்சான் காற்று வெக்கையாகவும் வரட்சியாகவும் அடிப்பதால் வியர்வை தோலில் நிற்காது, உடனே உலர்ந்துவிடும், சட்டை நனையவில்லையே என்று நீங்கள் குடிக்காமல் இருப்பீர்கள். மத்தியானம் தலை இடிக்கும், சிறுநீர் மஞ்சளாகக் கடுக்கும், அப்போது தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு தங்குமிடத்திலிருந்தும் கிளம்பும்போது ஆளுக்கு மூன்று லீற்றர் முதுகில் இருக்க வேண்டும். ஒரு லீற்றர் ஒரு கிலோ, மூன்று கிலோ. இந்த மூன்று கிலோவில் மட்டும் கை வைக்காதீர்கள். "பாரமா இருக்கு, கொஞ்சம் ஊத்திட்டுப் போவம்" என்று சொல்லும் சாமி யாராவது குழுவில் இருந்தால் அவரைத் தடுத்து, பையிலிருந்து வேறு எதையாவது எடுக்கச் சொல்லுங்கள். ஆற்று மணலில் பூவல் தோண்டினால் தண்ணீர் ஊறும், ஆனால் அதைக் கொதிக்க வைத்தோ குளோரின் வில்லை போட்டோ தான் குடிக்க வேண்டும், அதற்கு நேரம் போகும். முதலில் ஊறுவது கலங்கலாக இருக்கும், அதை இறைத்து ஊற்றிவிட்டு இரண்டாவது தடவை ஊறுவதை மெதுவாகச் சிரட்டையால் அள்ளித் துணியில் வடிக்க வேண்டும். ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்) பைக்கற்று நாலைந்து கட்டாயம், எடை ஒன்றுமே இல்லை. அது இல்லாவிட்டால் உப்பும் சீனியும் தேசிக்காயும்.

சாப்பாட்டை எப்படிக் கணக்குப் பார்ப்பது? ஒவ்வொரு பொருளையும் அதன் விலையால் பார்க்காமல், நூறு கிராம் தூக்கினால் அது எனக்கு எவ்வளவு சக்தி தரும் என்று பாருங்கள். அரிசி, அவல், மா எல்லாம் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 350 கலோரி. சீனியும் பனங்கட்டியும் 400க்குக் கிட்ட. கச்சான் (நிலக்கடலை) 570. முழுத் தேங்காய் நல்லதென்று நிறையப் பேர் தூக்குகிறார்கள், ஆனால் தேங்காய்ப் பூவில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர், சிரட்டையும் சேர்ந்தால் தூக்குவதில் பெரும்பகுதி வெறும் பாரம். கத்தரிக்காயும் பூசணிக்காயும் பெரும்பாலும் தண்ணீர் தான், அதையெல்லாம் உகந்தையிலேயே சமைத்துச் சாப்பிட்டு முடியுங்கள். காட்டுக்குள் ஒருவருக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோ உலர் சாப்பாடு என்று கணக்கு வையுங்கள். அரிசியும் பருப்பும் பாதி, மற்றப் பாதி அவல், வறுத்த மா, கச்சான், பனங்கட்டி, பேரீச்சம்பழம். ஏறத்தாழ இரண்டாயிரம் கலோரி கிடைக்கும். நடைக்கு அதைவிடக் கூடச் செலவாகும் தான், ஆனால் ஐந்து நாளுக்கு அந்தக் குறை உடம்பிலேயே ஈடாகிவிடும், இடையில் தானமும் கிடைக்கும். ஐந்து நாளுக்கு இரண்டரைக் கிலோ. சமைக்கிற பானையைக் குழுவில் ஒருவர் தூக்க, அரிசியை மற்றவர்கள் பிரித்துத் தூக்குவது வழக்கம். பானை தூக்குகிறவரின் அரிசியை மற்றவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைக் கிளம்புவதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள், பிறகு அதுவே மனக்கசப்பாகும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். தண்ணீர் 3 கிலோ, சாப்பாடு 2½ கிலோ, சேர்த்து 5½. அறுபது கிலோக்காரரின் எல்லை 8½ என்றால் பை, துணி, விரிப்பு, மருந்து, விளக்கு, பூசைச் சாமான் எல்லாவற்றுக்கும் மிச்சம் 3 கிலோ. பையே வெறுமையாக ஒன்றரைக் கிலோ இருந்தால் அதில் பாதி போய்விடும். அதனால் பெரிய, நிறையச் சிப் வைத்த பை வேண்டாம். பிள்ளைகளின் பழைய பள்ளிக்கூடப் பை கூடப் போதும், வார் அகலமாக இருந்தால். உரப்பையில் கயிறு கட்டித் தோளில் மாட்டுகிறவர்கள் கயிறு படும் இடத்தில் துண்டை மடித்து வையுங்கள். மெல்லிய கயிறு தோளில் அழுத்தினால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கிக் கை முழுக்க மரத்துப் போகும், சிலருக்கு அந்த மரப்பு நாட்கணக்கில் போகாது. இடுப்பு வார் உள்ள பை கிடைத்தால் பாரத்தின் பெரும்பங்கு தோளிலிருந்து இடுப்பு எலும்புக்கு இறங்கும், அதுவே பெரிய நிம்மதி. ஆனால் கும்புக்கன் ஆற்றில் இறங்கும்போது இடுப்பு வாரைக் கழற்றிவிடுங்கள். கால் வழுக்கினால் பையை ஒரே உதறலில் விட்டுவிட வேண்டும், கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போகக் கூடாது. பைக்குள் கனமானதை முதுகோடு ஒட்டி, தோள்பட்டைக்குக் கிட்ட வையுங்கள். பின்னால் தொங்கினால் நீங்கள் முன்னால் குனிந்து குனிந்தே நடப்பீர்கள்.

மணலைச் சொல்லாமல் விட முடியாது. சுமையோடு நடப்பவரின் சக்திச் செலவைக் கணக்கிட இராணுவ ஆய்வாளர்கள் வைத்திருக்கும் கணக்கில், நிலத்துக்கென்று ஒரு பெருக்கம் உண்டு. தார்வீதிக்கு 1, மண்பாதைக்கு 1.1, கொஞ்சம் பற்றை வளர்ந்த நிலத்துக்கு 1.2, அடர்ந்த பற்றைக்கு 1.5, இளகிய மணலுக்கு 2.1. மணல் சதுப்பை விடவும் மோசம், சதுப்புக்கே 1.8 தான். அதாவது கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை தார்வீதியில் உங்கள் சுமையோடு எவ்வளவு களைப்பீர்களோ, அதன் பாதித் தூரத்தில் மணலில் களைத்துவிடுவீர்கள். ஆகவே மணலில் எடையையும் குறைக்க வேண்டும், வேகத்தையும் குறைக்க வேண்டும். விடியற்காலையில் பனி ஈரத்தில் மணல் கொஞ்சம் இறுகியிருக்கும், வெளிச்சம் வந்ததும் கிளம்பிவிட்டால் பத்து மணிக்குள் பாதித் தூரம் முடியும். கடற்கரையோரம் போகும் இடங்களில் அலை நனைத்த ஓரத்தில் நடங்கள். முன்னால் போகிறவரின் காலடி அழுத்திய இடத்திலேயே கால் வைத்தால் புதைவது குறையும். குழுவில் இளையவர்கள் முன்னால் போய்த் தடம் போடுவது அதற்குத்தான்.

பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்கள் அவர்களிடம் ஒரு தண்ணீர்ப் போத்தலைத் தவிர வேறெதையும் கொடுக்காதீர்கள். பிரஷர், நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் மருந்தை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கைக் கூட வரும் ஒருவரிடம் கொடுங்கள், பை ஆற்றோடு போனாலும் மருந்து போகாது. இவர்கள் எல்லாருடைய அரிசியையும் பழகிய ஆட்கள் பங்கு போட்டுத் தூக்குவார்கள் என்பதையும் கணக்கில் சேருங்கள், ஏனென்றால் வழியில் யாருக்காவது ஏலாமல் போனால் அவரின் பையும் உங்கள் தோளுக்குத்தான் வரும். எல்லையில் ஒரு கிலோவை இதற்காகவே வெறுமையாக விட்டு வைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படுகிறது.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பையை முழுதாகக் கட்டி, தண்ணீரையும் நிரப்பி, ஒரு தராசில் நிறுங்கள். அரிசிக்கடைத் தராசு போதும், கேட்டால் தருவார்கள். எல்லைக்குள் இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு கல்லடிக் கடற்கரையிலோ திருக்கோவில் கடற்கரையிலோ மணலில் இரண்டு மணி நேரம் நடங்கள், வெயில் ஏறின பிறகு. ஒரு நாள் நடந்தால் போதாது, அடுத்த நாளும் நடங்கள், ஏனென்றால் உடம்பு இரண்டாம் நாள் தான் உண்மையைச் சொல்லும். தோளில் சிவந்த இடம் எங்கே, செருப்பு எங்கே அரைக்கிறது, நடக்கும்போது எதை ஒரு தடவை கூட எடுக்கவில்லை என்று பாருங்கள். எடுக்காததில் மருந்தையும் விளக்கையும் தவிர மற்றதை வெளியே வையுங்கள்.

இவ்வளவும் செய்தும் உகந்தையில் வந்து பை கனக்கிறது என்று பட்டால், அங்கேயே இறக்குங்கள். உகந்தை வரை மட்டும் நடந்து கும்பிட்டுவிட்டு வண்டியில் ஊர் திரும்புகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள், உங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவரைத் தேடி, பெயரெழுதிய பையில் கட்டிக் கொடுத்துவிட்டால் வீட்டில் சேர்த்துவிடுவார். காட்டுக்குள் போன பிறகு அந்த வசதி இல்லை. அங்கே பாரம் தாங்காமல் பற்றைக்குள் எறிந்துவிட்டுப் போகும் பொலித்தீனும் போத்தலும் துணியும் யானையின் வயிற்றுக்குள் போகிறது.